கொய்ங்ங்ங்னு ஒரு சத்தம், மூணு கடை, கடைசியா ஒரு பாய்: கார் ஆடியோ செக்கிங் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், கடை பேரு போடல. போடட்டுமான்னு பாய்கிட்டயே கேட்டேன், "வேணாம் தம்பி, இப்பவே ஆளு தாங்கல, நீ வேற நெட்ல எழுதி வுட்டுடாத"ன்னுட்டாரு. சென்னை ஜி.பி. ரோடுலேர்ந்து பிரியற ஒரு சந்துல ஒத்த ஷட்டர் கடை, போர்டு கூட பாதி அழிஞ்சு போய் கெடக்கு. உள்ள புது சாமான் எதுவும் பெருசா இருக்காது, ஒரு டேபிள், மல்டிமீட்டர், சால்ட்ரிங் அயர்ன், பழைய செட்டுங்க குப்பையா குமிஞ்சிருக்கும். விக்கறதுக்கு சாமானே இல்லாத கடைன்னு பாத்ததும் எனக்கு லைட்டா நம்பிக்கை வந்துச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி போன மூணு கடைலயும் ஷோகேஸ் பளபளன்னு இருந்துச்சு, காச புடுங்குனானுங்களே தவிர பிரச்சனை தீரல.

வண்டி 2014 ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. டேஷ்போர்டுல ஆண்ட்ராய்டு இல்லாத சாதா செட்டு (பாட்டு போடற ஸ்டீரியோ), முன்னாடி டோர்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர்னு குட்டி ஸ்பீக்கர் தனியா இருக்கும்), டிக்கில பாஸுக்கு 10 இன்ச் ஊஃபர், இது ரெண்டும் ஒரு நாலு சேனல் ஆம்ப்ல, அதாவது ஆம்ப்ளிஃபையர்ல ஓடுது, பின்னாடி டோர் ஸ்பீக்கர் மட்டும் செட்டுலேர்ந்தே நேரா போவுது. இந்த கடைசி விஷயத்த ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு வருஷம் நல்லா பாடிட்டிருந்துச்சு. ஆம்ப் டிக்கில எடத்த அடைக்குதேன்னு அத சீட்டுக்கு அடில மாத்தித்தர சொல்லி ஒரு கடைல விட்டேன். சாயங்காலம் வண்டிய எடுத்துட்டு கெளம்பறேன், முன்னாடி ஸ்பீக்கர்ல கொய்ங்ங்ங்னு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர மிதிக்க மிதிக்க அது கூடவே ஏறுது, கால எடுத்தா எறங்குது, ஏதோ கொசு நம்ம கூடவே கியர் போட்டு வர்ற மாதிரி. திருப்பி வண்டிய விட்டா அதே கடைக்காரர், ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிருச்சு சார், மாத்துங்க, ஒம்பதாயிரம் ஆகும்ங்கறாரு. அவரு கை வெக்கற வரைக்கும் சும்மா இருந்த டயோடு அன்னைக்குன்னு பாத்து போயிடுச்சாம். ரெண்டாவது கடைல, செட்டுலேர்ந்து ஆம்புக்கு பாட்ட கொண்டு போற ஆர்சிஏ கேபிள் மட்டம்னு சொல்லி புதுசு இழுத்துவிட்டான், 1800 ரூபா, சத்தம் அப்படியே. மூணாவது கடைல ஒரு தீப்பெட்டி சைஸ் டப்பா ஒன்ன மாட்டுனாங்க, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டராம், எர்த் வழியா வர்ற சத்தத்த தடுக்கறது, 650 ரூபா. சத்தம் போச்சு! கூடவே பாஸும் போச்சு. ஊஃபர் இருக்கறதே தெரியல, பாட்டு ஏதோ டீக்கடை ரேடியோல கேக்கற மாதிரி.

அப்பதான் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒருத்தர் இந்த பாய்கிட்ட போகச் சொன்னாரு. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு போனேன், பாய் வந்தது பதினொன்னே கால். உக்கார சேர் கெடையாது, பார்க்கிங் கெடையாது, பின்னாடி ஆட்டோக்காரர் ஹார்ன் அடிச்சே கொல்றாரு. இதெல்லாம் மைனஸ்ல சேத்துக்கங்க.

ஆனா பாய் வேலைய ஆரம்பிச்ச விதமே வேற. ஸ்க்ரூடிரைவர கையில எடுக்கல, டிரைவர் சீட்ல உக்காந்துட்டு, டப்பா மாட்டறதுக்கு முன்னாடி இருந்த சத்தத்த பத்தி கேள்விதான் கேட்டாரு. "ரேஸ் பண்ணா சத்தம் மாறுதா?" மாறுது பாய். "வால்யூம் ஜீரோ வெச்சா?" அப்பவும் அதே அளவு கேக்குது. "லைட் போட்டா கூடுதா?" லேசா கூடுது. "பின்னாடி டோர் ஸ்பீக்கர்ல?" அதுல சத்தமே இல்ல பாய். இதக் கேட்டதும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாரு, அப்புறம் "அப்ப ஆல்டர்னேட்டர் மேல பழி போடக்கூடாது"ன்னாரு.

ஏன்னு நான் கேட்டதுக்கு அவரு சொன்னத என் பாஷைல சொல்றேன். ஆல்டர்னேட்டர்லேர்ந்து வர்ற கரெண்ட் சுத்தமான டிசி கெடையாது, அதுல சின்னதா ஒரு அலை இருக்கும், இன்ஜின் வேகம் கூடுனா அந்த அலையோட வேகமும் கூடும். எல்லா கார்லயும் இருக்கறதுதான். செட்டுக்கு ஒரு எர்த்து (கரெண்ட் பேட்டரி நெகடிவ்க்கு திரும்பிப் போற வழி), ஆம்புக்கு ஒரு எர்த்து, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் வந்துச்சுன்னா ஆம்ப் அந்த வித்தியாசத்தையும் பாட்டுன்னு நெனச்சு பெருசாக்கி ஸ்பீக்கர்ல விட்டுடும். பின்னாடி டோர் ஸ்பீக்கர் ஆம்ப் வழியா போகாததால அது தப்பிச்சுச்சு. இதே உஸ்ஸ்ஸ்னு ஒரே மாதிரி சத்தம் வந்தா, ரேஸ் பண்ணாலும் மாறலன்னா, பெரும்பாலும் ஆம்ப்ல கெயின் (உள்ள வர்ற பாட்ட எவ்ளோ பெருசாக்கணும்னு வெக்கற திருகு) ஓவரா வெச்சிருப்பாங்க. பள்ளத்துல எறங்குறப்ப மட்டும் கரகரன்னா எங்கயோ வயர் லூஸ். எந்த மாதிரி சத்தம்னு காதால கேட்டே பாதி சொல்லிடலாம்ங்கறாரு.

பேட்டரில மீட்டர் வெச்சாரு, இன்ஜின் ஆஃப்ல 12.6, ஸ்டார்ட் பண்ணதும் 14.2. "சார்ஜிங் நல்லாதான் இருக்கு, ஒம்பதாயிரம் மிச்சம்"ன்னு சிரிச்சாரு. அடுத்து மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகடிவ்ல, இன்னொன்ன ஆம்ப் எர்த் ஸ்க்ரூல வெச்சுட்டு பாட்ட சத்தமா போடச் சொன்னாரு. 0.05 வோல்ட்டுக்குள்ளயே நின்னுச்சு. பெயின்ட் சொரண்டாம சீட் போல்ட்டுல எர்த் குடுத்திருந்தா இங்க ரீடிங் எகிறுமாம், என் வண்டில அந்த வேலை மட்டும் ஒழுங்கா பண்ணியிருக்காங்க.

இப்பதான் விஷயத்துக்கு வர்றாரு. செட்ட ஆஃப் பண்ணிட்டு, ஃபியூஸ கழட்டிட்டு, அதுக்கப்புறம்தான் ஆர்சிஏவ ஆம்ப்லேர்ந்து உருவுனாரு, அந்த ஐசொலேட்டர் டப்பாவையும் கழட்டி என் கையில குடுத்தாரு. ஃபியூஸ திருப்பி போட்டு ஸ்டார்ட் பண்ணா ஸ்பீக்கர் கப்சிப். அப்ப ஆம்பும் அதுக்கு வர்ற பவரும் ஓகே. அடுத்து டேபிள்லேர்ந்து ஒரு பழைய போன எடுத்தாரு, இயர்போன் ஓட்டை இருக்கற போன், இதுக்குன்னே வெச்சிருக்காராம். செட்டோட பின்னாடி சொருகற எடத்துல ஆர்சிஏவ புடுங்கி அந்த போன்ல கோத்துட்டு ஆம்ப் பக்கம் பழையபடி மாட்டிட்டாரு. "சார்ஜர்ல போடாத, போட்டா அதுவே ஒரு எர்த்து குடுத்து கொழப்பிடும்"னாரு. பாட்டு ஓடுது, இன்ஜின் ஓடுது, ரேஸ் பண்ணு ரேஸ் பண்ணுங்கறாரு, மிதிக்கறேன், கொய்ங் இல்லவே இல்ல! நாலு மாசத்துக்கப்புறம் சுத்தமா பாட்டு கேட்டேன், அதுவும் உடஞ்ச ஸ்க்ரீன் போன்ல. போன்லேர்ந்து ஆம்ப் வரைக்கும் அந்த கேபிள்லதான் பாட்டு வருதுன்னா கேபிள்ல கொறை இல்ல, 1800 தண்டம், மிச்சம் இருக்கறது செட்டு மட்டும்தான்.

செட்ட டேஷ்போர்டுலேர்ந்து வெளிய இழுத்தாரு. மீட்டர ஓம்ஸ்ல போட்டு, ஆர்சிஏ சாக்கெட்டோட வெளி வளையத்துல ஒரு முனை, செட்டோட தகர பாடில ஒரு முனை. கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும், காட்டல, ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்து கெடக்கு. பாய் ஒரு துண்டு வயர எடுத்து அந்த வளையத்தையும் தகரத்தையும் சும்மா தொட்டு புடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. தொட்டா சத்தம் இல்ல, எடுத்தா கொய்ங். தொட்டா இல்ல, எடுத்தா கொய்ங். நாலஞ்சு தடவ செஞ்சு காட்டுனாரு, நானே ஒரு தடவ வாங்கி புடிச்சு பாத்தேன், அந்த சுகமே தனி.

கத இதுதான். சில செட்டுல ஆர்சிஏ எர்த் லைன்ல கடுகு சைஸ்ல ஒரு ஃபியூஸ் இருக்குமாம், பைக்கோ ஃபியூஸ்ங்கறாங்க. ஆம்ப எடம் மாத்துன கடைல பவர ஆஃப் பண்ணாமயே ஆம்போட எர்த்த கழட்டியிருப்பாங்க, ஆர்சிஏ மட்டும் சொருகியே இருந்திருக்கும், ஆம்ப் குடிக்கற மொத்த கரெண்டும் திரும்பிப் போக வேற வழியில்லாம அந்த மெல்லிசான ஆர்சிஏ ஷீல்டு (கேபிளோட வெளிச்சுத்து கம்பி) வழியா போயி ஃபியூஸ் காலி. ரெண்டு செகண்டு வேலை. பேட்டரி நெகடிவ்வ கழட்டிட்டு செஞ்சிருந்தா எனக்கு இந்த நாலு மாசமே இல்ல. செட்ட பிரிச்சு போர்டுல புது ஃபியூஸ் வெச்சு ஈயம் வெச்சு குடுத்தாரு. வெளிய வயர் போட்டு பாடிக்கு கட்டியும் விடலாமாம், நெறைய பேரு அப்படித்தான் செய்வாங்களாம், ஆனா "நம்ம கடைலேர்ந்து அப்படி போவாது"ன்னாரு.

அதோட விட்டிருக்கலாம், மணி ஒன்னரை ஆயிடுச்சு, எனக்கு பசி. ஆனா பாட்ட போட்டதும் பாய் மூஞ்சி சரியில்ல. பேலன்ஸ இடது பக்கம் மட்டும் வெச்சாரு, பாஸ் நல்லா வருது. வலது பக்கம் மட்டும், நல்லா வருது. நடுவுல வெச்சா மெலிஞ்சு போவுது! ரெண்டு ஸ்பீக்கர் சேந்து பாடுனா ஜாஸ்திதான ஆகணும்? "ஒருத்தன் முன்னாடி தள்றான், ஒருத்தன் பின்னாடி இழுக்கறான்"னு சொல்லிட்டு ரெண்டு டோர் பேடையும் கழட்ட வெச்சாரு. ஒரு பென்சில் பேட்டரி, 1.5 வோல்ட், ரெண்டு வயர். ஆம்ப் பக்கத்துல ஸ்பீக்கர் வயர கழட்டி, பிளஸ்க்கு பிளஸ் மைனஸ்க்கு மைனஸ் ஒரு தட்டு தட்டுனா டப்னு கோன் வெளிய வரணும். வலது வந்துச்சு. இடது உள்ள போச்சு. மூணாவது கடைல டப்பா மாட்டுறப்ப வயர மாத்தி சொருகியிருக்காங்க. ஐசொலேட்டர் டப்பாக்குள்ள குட்டி டிரான்ஸ்பார்மர்தான் இருக்கும், மட்டமானதுல பாஸ் எறங்காது, அதுல பாதி போச்சு, மிச்சம் இந்த மாத்தி சொருகுனதுல போச்சு. ஒரே ரூமுக்குள்ள ரெண்டு திருடன்.

கெயின் வெச்சுக் குடுத்ததையும் சொல்லணும். இத நாமளே வீட்ல செய்யலாம்போல. ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு, ஈக்வலைசர் எல்லாம் ஃபிளாட், லவுட்னஸ் ஆஃப், செட்டு வால்யூம் முக்கால்வாசி, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு ஆம்ப் அவுட்புட்ல மீட்டர ஏசில வெச்சு பாக்கறாரு. என் ஆம்ப் 4 ஓம்ல 50 வாட்ஸ், 50ஐ 4ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1 வோல்ட். அதுவரைக்கும் மெதுவா திருப்பி நிறுத்துனாரு. முன்னாடி 20க்கு மேல காட்டிட்டிருந்துச்சு, சத்தமா வெச்சா ட்வீட்டர் சீய்னு கிழிஞ்ச காரணம் அதான். செட்டு டப்பால 50 வாட்ஸ் இன்ட்டு நாலுன்னு போட்டிருக்கே பாய், அத நம்பலாமான்னேன். "அது டப்பாக்கு, காதுக்கு 20தான்".

கடைசியா டிக்கிலேர்ந்து ஒரு டரடர. இத நான் ஊஃபர் கிழிஞ்சிருச்சுன்னே நெனச்சு புதுசுக்கு வெல கேட்டு வெச்சிருந்தேன். பாய் ஹெர்ட்ஸ மெதுவா ஏத்திக்கிட்டே வந்து 60 பக்கத்துல நிறுத்திட்டு, கடைப் பையன "டேய், பின்னாடி போயி நம்பர் பிளேட்ட அமுக்கு"ன்னாரு. பையன் உள்ளங்கைய வெச்சான், டரடர நின்னுச்சு. பத்து ரூபா ஃபோம் டேப்பு.

மொத்தம் 1500 ரூபா. செக்கிங்குக்கு 500, செட்டு வேலை 600, மிச்சம் டோர் கழட்டி மாட்டுனது கெயின் வெச்சது எல்லாம். பில் கெடையாது, வாரண்டின்னு கேட்டா "சத்தம் வந்தா வா"ங்கறாரு. ஜிபே இருக்கு. ஒன்னும் வாங்க வெக்கல, நானே புது ஆர்சிஏ மாத்தட்டுமா, கப்பாசிட்டர் போடட்டுமான்னு கேட்டும் வேணாம்னுட்டாரு.

வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. டைமுக்கு ரெண்டு, அதுவும் பெரிய மனசு பண்ணி. அவசரத்துல இருக்கறவங்க போகாதீங்க, ஒரு முழு நாள ஒதுக்கிட்டு சாப்ட்டுட்டு போங்க, வண்டிய விட்டுட்டு வந்துடாம கூடவே நில்லுங்க, பாய்க்கு கேள்வி கேட்டா புடிக்கும். போறப்ப ஆம்ப் மாடல் நம்பர், இதுக்கு முன்னாடி யாரு என்ன மாத்துனாங்கங்கற வெவரம் எல்லாம் தெரிஞ்சிட்டு போனா பாதி நேரம் மிச்சமாகும். புது சிஸ்டம் போடறதுக்கு இங்க போகாதீங்க, அவரு அத செய்யறதில்ல.

இன்னொரு மைனஸ் மறந்துட்டேன். டோர் பேட் கழட்டுறப்ப பையன் இழுத்த இழுப்புல வலது பக்கம் ஒரு கிளிப் ஒடஞ்சுடுச்சு. புதுப்பேட்டைலேர்ந்து எடுத்து வெக்கறேன், புதன்கிழமை வந்து வாங்கிக்கன்னு பாய் சொன்னாரு. சொல்லி மூணு புதன் ஆச்சு, போன் போட்டா எடுக்க மாட்டேங்கறாரு.