லேடெக்கில் ஓரக்குறிப்புக்கு எந்த வழி? மார்ஜின்பார், மார்ஜின்நோட், மார்ஜின்ஃபிக்ஸ்

இடைநிலைப்பள்ளி இலக்கியத் துணைநூல், தேவாரத் திரட்டு போன்றவற்றில் செய்யுளுக்குப் பக்கத்திலேயே அருஞ்சொற்பொருள் நிற்க வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ அச்சுக்குக் கொடுக்கும் ஏ5 நூலை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோப்பவர்களுக்கு இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் இலவசம், ஒவ்வொன்றும் ஓரிடத்தில் காலை வாரும்.

லேடெக்கோடு கூடவே வரும் கட்டளை மார்ஜின்பார். இரண்டு குறிப்புகள் மோதினால் பின்னதைக் கீழே தள்ளிவிட்டு லாக் கோப்பில் எச்சரிக்கை எழுதும். அது பரவாயில்லை. தொல்லை இருபக்க அமைப்பில்தான். லேடெக்கின் அடியில் இயங்கும் டெக், பத்தி முழுவதையும் வரிகளாகப் பிரித்த பிறகே பக்கத்தை முடிவு செய்கிறது. அதனால் அடுத்த பக்கத்தின் முதல் வரிகளுக்கான குறிப்பு, முந்தைய பக்கத்துக்குரிய ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தையல் பக்கம் போய் உட்காரும். எம்பார்ஹேக் என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்து, லேடெக்கை இரண்டு முறையாவது ஓட்டினால் சரியாகும். மிதக்கும் அட்டவணைக்குள்ளும் அடிக்குறிப்புக்குள்ளும் மார்ஜின்பார் பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த இடங்களில் மார்ஜின்நோட் தொகுப்பு கைகொடுக்கும். எழுதிய வரிக்கு நேராகவே குறிப்பு நிற்கும், நகராது. ஆனால் நெருங்கிய இரண்டு குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகும், எச்சரிக்கைகூட வராது. கட்டளையின் கடைசி அடைப்புக்குறிக்குள் மேல்கீழ் நகர்வு அளவு கொடுத்துத் தப்பலாம். மேலே ஒரு செய்யுள் சேர்ந்தாலோ அந்தக் கைத்திருத்தம் அத்தனையும் பாழ். இடப்பக்கக் குறிப்புகளை இது இயல்பாக வலப்புறம் ஒட்டி வைக்கும். ஒற்றைச் சொல்லுக்கு அழகு, நான்கு வரி விளக்கத்துக்குக் கண்ணை உறுத்தும்.

அடர்ந்த உரைநூலுக்கு எங்கள் தேர்வு மார்ஜின்ஃபிக்ஸ் தொகுப்பு. குறிப்புகளைப் பட்டியலாகச் சேர்த்து வைத்து, பக்கம் முடிவாகும்போது அடுக்குகிறது. பக்கத்தின் அடியைத் தாண்டி வழியவேண்டிய குறிப்பு மேலே ஏறி இடம் பிடிக்கும். அதற்கு விலை, குறிப்பு தன் வரியிலிருந்து சற்று விலகலாம். செய்யுளில் எண் போட்டுவிட்டால் அது குறையாகவே தெரியாது.

அளவு: ஏ5 அகலம் 148 மி.மீ. உள் ஓரம் 18, செய்யுள் 92, இடைவெளி 4, குறிப்பு 28, வெட்டுக்கு முன் 6. இதற்குக் குறைந்தால் கத்தி சற்று விலகினாலும் எழுத்து போய்விடும்.

28 மி.மீ.யில் 8 புள்ளி எழுத்து பத்துப் பன்னிரண்டுதான் கொள்ளும். ‘கொள்ளப்படுகின்றவற்றுள்’ மாதிரிச் சொல் வந்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பாலிகுளோசியா என்ற பன்மொழித் தொகுப்பில் தமிழை மொழியாக அறிவித்தால் சொற்பிரிப்பு விதிகள் வரும். அப்போதும் பத்தியின் முதல் சொல்லை டெக் பிரிக்காது. அருஞ்சொற்பொருளில் முதல் சொல்தான் பெரும்பாலும் நீளமானது! குறிப்பின் தொடக்கத்தில் 0 புள்ளி ஹெச்ஸ்பேஸ் (இடைவெளிக் கட்டளை) போட்டால் பிரியும். வலப்புறத்தைச் சமன்செய்யாமல் விடும் சாதாரண ராக்டுரைட் கட்டளையில் பிரிப்பு அநேகமாக நடக்காது, ராக்டு2இ தொகுப்பில் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

கடையில் பிடிஎஃப் கொடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லிவிடுங்கள். பக்கம் சிறுத்தால் 8 புள்ளிக் குறிப்பைத்தான் முதலில் படிக்க முடியாமல் போகும்.