மானியத்தில் ஓடும் எங்கள் தோட்ட பஸ்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில் நம்பி ஏறலாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் கிளினிக் கொப்பியோடு நிற்கும் பாட்டிமார் மேடேறி வரும்வரை கண்டக்டர் தம்பி பெல் அடிக்க மாட்டார், கைபிடித்து ஏற்றி, முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். சாயந்தர ட்ரிப்தான் கவலை. மழை என்றால் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள் ஓட்டோ காசுக்கு எங்கே போவார்கள்? பத்துப் பதினைந்து பேர் ஏறும் பாதையில் லாபம் வராது, சரி, அதற்காகத்தானே மானியம். அமெரிக்காவில் 1978இல் விமானக் கம்பனிகள் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, சின்ன ஊர்களுக்குப் போக்குவரத்து நின்றுவிடக் கூடாது என்று அங்கே பறக்க அரசே காசு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். நாங்கள் கேட்பது சாயந்தர பஸ் ஒன்றுதான், அதை மழையிலும் விடுங்கள்.