லயத்து வீட்டில் இணைய வானொலி: பிரவுசரா, வி.எல்.சி-யா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் ஃபைபர் இணைப்பு இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். பிரவுசரில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து ஒருமுறை தட்டினால் மின்னல் எஃப்.எம்மோ ராகாவோ, எந்தத் தமிழ் வானொலியும் பாடிக்கொண்டிருக்கும். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, 4ஜி மோடத்தையோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையோ நம்பியிருக்கும் லயத்து வீட்டில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) பிரவுசரில் கேட்கிறோமா, வி.எல்.சி என்ற இலவச மென்பொருளில் கேட்கிறோமா என்பது முக்கியமாகிறது.

முதலில் டேட்டா கணக்கு. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) ஒலிக்கு மணிக்கு 57.6 எம்பி போகும். நாளுக்கு 6 மணி நேரம் கேட்டால் மாதம் 10 ஜிபிக்குச் சற்று மேல். ஏஏசி என்ற சுருக்க முறையில் வரும் 64 கேபிபிஎஸ் ஓடை (ஸ்ட்ரீம்) கிடைத்தால் அதில் பாதிதான். பேச்சுக்கும் பழைய பாட்டுக்கும் அது தாராளம். வி.எல்.சி இந்த ஒலியை மட்டும் இழுக்கும். பிரவுசரோ படம், விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் இன்னொரு வேலையைத் திறந்ததும் மூச்சு வாங்கும்.

ஆனால் உண்மையான தொல்லை அறுபடுவதுதான். மாலையில் எல்லாரும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது வேகச் சோதனையில் 3 எம்பிபிஎஸ் காட்டும், பாட்டு மட்டும் திக்கும். வேகம் போதாமல் அல்ல, நடுநடுவே சில விநாடி ஒன்றுமே வராததால்தான். அந்த இடைவெளியைத் தாங்க, ஏற்கெனவே வந்த ஒலியில் சில விநாடி கையிருப்பு வேண்டும். பிரவுசரில் அதை நாம் கூட்ட வழியில்லை. வி.எல்.சி-யில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ் போய், கீழே 'ஆல்' என்பதைத் தேர்ந்து, இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் நெட்வொர்க் கேச்சிங் எண்ணை 8000 ஆக்குங்கள். அது மில்லி விநாடிக் கணக்கு, 8 விநாடி. சேமித்துவிட்டு வி.எல்.சி-யை மூடித் திறக்க வேண்டும்.

30000 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். நேரலையில் இனிமேல் பேசப்போவதை முன்கூட்டியே இறக்க முடியாது. வானொலியை இணையத்தில் அனுப்பும் ஐஸ்காஸ்ட் வகை சர்வர், நாம் இணைந்தவுடன் வழக்கமாக 64 கிலோபைட்டை ஒரே மூச்சில் தள்ளும். 128 கேபிபிஎஸ்ஸில் அது 4 விநாடி ஒலி. மீதியை நிகழ் வேகத்தில்தான் நிரப்ப வேண்டும். அதனால் 30 விநாடி கேட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருப்பீர்கள்.

பிரவுசர் வெல்லும் இடமும் உண்டு. வி.எல்.சி-க்கு ஓடையின் நேரடி முகவரி வேண்டும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் மீடியாவைத் தேர்ந்து, பாட்டை ஓடவிட்டால் முகவரி தெரியும். அதைக் கண்ட்ரோல்+என் அழுத்தி வி.எல்.சி-யில் ஒட்டலாம், கண்ட்ரோல்+ஒய் அழுத்திப் பட்டியலாகச் சேமிக்கலாம். சில நிலையங்கள் முகவரிக்குப் பின்னால் நீளமான டோக்கன் (தற்காலிக அனுமதிக் குறியீடு) சேர்க்கும். அது சில மணி நேரத்தில் காலாவதியாகும், மறுநாள் வி.எல்.சி பிழை காட்டும். அத்தகைய நிலையத்துக்கு மல்லுக்கட்டாமல் பிரவுசரிலேயே கேளுங்கள்.

இணைப்பு முழுக்க அறுந்தால் பிரவுசர் பக்கம் பெரும்பாலும் ஊமையாகிவிடும், மறுபடி தட்ட வேண்டும். வி.எல்.சி-யில் லூப் பொத்தானை ஒன்றையே திரும்ப ஓட்டும்படி வைத்தால் ஓடை முடிந்ததும் தானாக மறுபடி இணைய முயலும். ஒன்று கவனம்: சாப்பிடப் போகும்போது பாஸ் அழுத்தாதீர்கள், ஸ்டாப் அழுத்துங்கள். நேரலையை நெடுநேரம் நிறுத்தி வைத்துத் தொடர்ந்தால் பழைய துண்டு ஒலித்துவிட்டுச் சிக்கிக்கொள்ளும்.

பாட்டு கேட்க உதவும் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளும் நல்லது, வி.எல்.சி-யைவிட இலேசானது; வேகம் குறைந்த கணினிக்கு அதையே சொல்வோம்.

எதில் கேட்டாலும் இணைய ஒலி எஃப்.எம்மைவிடப் பிந்தியே வரும். வானொலி மணியை வைத்துக் கடிகாரம் திருத்தாதீர்கள். இடி மின்னல் மாலையில் மோடம், கணினி இரண்டின் பிளக்கையும் கழற்றியே ஆக வேண்டும். மின்னல் எஃப்.எம்மை இன்னும் வானொலி ஆறு என்று பழைய பெயரிலேயே சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்த நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் எஃப்.எம். பெட்டி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.