ஐ.பி.எஸ். (IBS) குடல் தொல்லைக்கு ஹிப்னோதெரபி: ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தவரை

பெங்களூரு அலசூர் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஐ.பி.எஸ்.ஸுக்கு ஹிப்னோதெரபி நிஜமாவே கேட்குமா?" எனக்குப் பலன் கிடைத்தது. ஐ.பி.எஸ். என்பது சோதனையில் கோளாறு எதுவும் தெரியாமலே வயிற்று வலியும், வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வரும் தொல்லை. ஹிப்னோதெரபி என்பது மனசை ஆழ்ந்த தளர்வுக்குக் கொண்டுபோய்ச் செய்யும் சிகிச்சை. கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் எனக்கு வயிறு பிசைவது நிற்கவே இல்லை. இப்போது சில்க் போர்டு டிராஃபிக்கில் பஸ் அரை மணி நேரம் நின்றாலும், பக்கத்தில் டாய்லெட் எங்கே என்று கண் தேடுவதில்லை.

மயக்கமெல்லாம் வராது. கண்ணை மூடி, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, அந்தச் சூடு உள்ளே இறங்குவதாக நினைக்க வேண்டும். அப்புறம் குடலை ஆறாக நினைத்து, அது சீராக ஓடுவதை மனசுக்குள் பார்க்க வேண்டும். மான்செஸ்டரில் டாக்டர் பீட்டர் வோர்வெல் 1984-இல் 30 பேரிடம் சோதித்த முறையிலிருந்து வளர்ந்தது இது. 2016-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், லோ ஃபாட்மேப் டயட்டுக்கு (குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகை மாவு, சர்க்கரைச் சத்துகளைக் குறைக்கும் உணவு முறை) இணையான பலனை ஹிப்னோதெரபி தந்தது. அந்த டயட்டில் வெங்காயம், பூண்டு கூடாது. சின்ன வெங்காயம் இல்லாத சாம்பாரை எத்தனை நாள் சாப்பிட முடியும்?

ஆனால் அந்த ஆடியோ! தினமும் வீட்டில் கேட்கச் சொல்லி கிளினிக்கில் ஒரு பதிவு கொடுத்தார்கள். ஜன்னலைச் சாத்தாமலே பதிவு செய்திருக்கிறார்கள். ஆறு அமைதியாக ஓடத் தொடங்கும் இடத்தில் கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கிறார்கள். அந்த ட்யூன் முழுசாக ஒலித்து முடிகிறது. இன்றைக்கும் அந்த இடம் நெருங்கும்போதே என் வயிறு இறுகுகிறது. வேறு பதிவு கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் அனுப்புறோம் சார்" என்றார்கள். வரவே இல்லை. அந்தக் குரல்தான் மருந்து. அவ்வளவு ஃபீஸ் வாங்கிக்கொண்டு மருந்தில் கல்லைக் கலந்து கொடுப்பார்களா?

பலன் கிடைத்தது நிஜம்தான். இருந்தாலும் அந்த கிளினிக்குக்கு மறுபடி போக மாட்டேன், நண்பரையும் அனுப்ப மாட்டேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் முதலில் கேஸ்ட்ரோ டாக்டரை (வயிறு, குடல் நிபுணர்) பாருங்கள் என்றேன். அதெல்லாம் இல்லையென்றால், குடலுக்கான ஹிப்னோதெரபியில் தனியாகப் பயிற்சி எடுத்த உளவியலாளரைத் தேடுங்கள். பணம் கட்டும் முன் அவருடைய பதிவைக் கடைசி வரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.