முதலமைச்சர் காப்பீட்டு கார்டுக்கு வேலூர்ல டாக்டர் தேடுன கதை: என்னோட ரிவ்யூ

முதல்ல மார்க்க போட்டுடறேன். திட்டத்துக்கு அஞ்சுக்கு நாலு. அந்த கார்டுக்கு வைத்தியம் பாக்குற எடத்த கண்டுபிடிக்கிற அலைச்சலுக்கு ரெண்டு, அதுவும் கவுண்டர்ல இருந்த ஒரு பொண்ணு நல்லா பேசுனதால.

வேலூர்ல ஆஸ்பத்திரிக்கு பஞ்சம்னு எவனும் சொல்ல முடியாது. மேற்கு வங்காளத்துல இருந்து ட்ரெயின் ஏறி காட்பாடில இறங்கி சிஎம்சிக்கு வர்றாங்க, அந்த பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலில தான் இருக்கு. ஆனா அணைக்கட்டுன்ற ஊரு பக்கத்துல இருந்து வர்ற நாம கார்ட கையில வச்சிக்கினு "இத எந்த டாக்டர் எடுப்பாரு"ன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. ஊர்ல பாதி பேரு இத இன்னும் கலைஞர் கார்டுன்னு தான் சொல்றாங்க, 2009ல அந்த பேர்ல ஆரம்பிச்சது, 2012ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆச்சு, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தோட சேத்துட்டாங்க. பேர எப்படி சொன்னாலும் இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்திய செலவு இதுல வரும்.

எங்கம்மாவுக்கு முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, வலது முட்டிய மாத்தியே ஆவணும்னு எக்ஸ்ரேவ பாத்த ஒடனே சொல்லிட்டாங்க. தெரிஞ்சவரு ஒருத்தர் டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி பேர சொல்லி "அங்க கார்டு எடுக்கறாங்கப்பா, வாசல்லயே போர்டு கீது"ன்னாரு. போனோம். போர்டு இருந்துச்சு. ரிசப்ஷன்லயும் ஆமான்னு தான் சொன்னாங்க, ஃபைல் போட்டு, பீஸ் கட்டி, ரத்த டெஸ்ட் எடுத்து, எல்லாம் ஆன பிறகு டாக்டர் ரூம்ல "முட்டிக்கு எங்களுக்கு இதுல வராதும்மா, வேற ஆபரேஷனுக்கு தான் அனுமதி, நீங்க கையில இருந்து கட்டுறதா இருந்தா நாளைக்கே பண்ணிடலாம்"னு சிரிச்சிக்கினே சொல்றாரு. இத வாசல்லயே சொல்றதுக்கு இன்னா?

இங்க தான் முக்கியமான விஷயம், யாரும் தெளிவா சொல்றதில்ல. இந்த கார்டு டாக்டருக்கு கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அனுமதி, அதுலயும் எந்தெந்த பிரிவுக்கு வாங்கி இருக்காங்களோ அதுக்கு மட்டும், அந்த பிரிவுலயும் திட்டத்தோட லிஸ்ட்ல இருக்கிற சிகிச்சைக்கு மட்டும். ஒரே கட்டடத்துல ஒரு மாடில கார்டு செல்லும், மேல் மாடில செல்லாது. அதனால "இந்த டாக்டர் எடுப்பாரா"ன்னு கேக்காதீங்க, "இந்த ஆபரேஷனுக்கு இங்க அப்ரூவல் போடுவீங்களா"ன்னு கேளுங்க, அதையும் ரிசப்ஷன்ல கேக்காம காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க. சும்மா காய்ச்சல், சுகர் மாத்திரைன்னு ஓபில காட்டிட்டு வர்றதுக்கெல்லாம் இது பொதுவா வராது, அட்மிஷனும் லிஸ்ட்ல இருக்கிற சில டெஸ்டும் தான்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. கவர்மென்ட் டாக்டருங்க நெறைய பேரு டூட்டி முடிச்சிட்டு சாயந்திரம் சொந்த கிளினிக் வச்சிருக்காங்க. நாங்களும் ஒருத்தர பாத்தோம், நல்ல மனுஷன், அம்மாவ நடக்க வச்சி பொறுமையா பாத்தாரு. கார்ட நீட்டுனா "இங்க செல்லாதும்மா, காலைல அடுக்கம்பாறை ஓபிக்கு வாங்க, அங்கயும் நான் தான்"னாரு. அதே டாக்டர், அதே கை, எடம் மட்டும் மாறுது.

அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தெரியாதவங்களுக்கு, திருவண்ணாமலை ரோட்டுல கணியம்பாடிக்கு முன்னாடியே வந்துரும். கூட்டம் இருக்கும், சீக்கிரமே போய் சீட்டு போட்டுருங்க. காப்பீட்டு கவுண்டர்ல இருந்த பொண்ணு கார்டு நம்பரையும் ஆதாரையும் ரேஷன் கார்டையும் கேட்டுச்சு. அம்மாவ பாத்து "பாட்டிம்மா, நீங்க ஒக்காருங்க, அண்ணன் கிட்ட நான் பேசிக்கிறேன்"னு சொல்லி, டாக்டர் எழுதி குடுக்க வேண்டியது இன்னா, எந்த எக்ஸ்ரே அப்லோட் பண்ணனும், அப்ரூவல் வந்த பிறகு எப்ப அட்மிட் ஆவணும்னு ஒவ்வொண்ணா சொல்லுச்சு. தனியார் ஆஸ்பத்திரில ஏசி ரூம்ல ஒக்காந்து கேட்டும் கிடைக்காத பதிலு. கவர்மென்ட் ஆஸ்பத்திரில எப்படியும் இலவசம் தானே, கார்டு எதுக்குன்னு எங்க மாமா கேட்டாரு. காப்பீட்டு கம்பெனி குடுக்கிற பணம் ஆஸ்பத்திரிக்கே போவுது, முட்டிக்குள்ள வைக்கிற சாமான் மாதிரி காஸ்ட்லி பொருளுக்கு அது தான் ஒத்தாசை.

ஆபரேஷனுக்கு காசு கேக்கல. துணைக்கு இருந்தவங்க சாப்பாடு, பஸ் செலவு நம்மளுது. தேதி கிடைக்க காத்திருக்கணும், இது அவசரம் இல்லாத கேஸ்ன்றதால எனக்கு பரவால்ல. நெஞ்சு வலி மாதிரின்னா இதெல்லாம் யோசிக்காம 108க்கு போன போடுங்க.

கார்டு இல்லாதவங்க இப்பவே எடுத்து வைங்க, படுத்த பிறகு ஓடாதீங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், விஏஓ கிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கினு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்கு போவணும். கல்யாணம் ஆயி ரேஷன் கார்ட பிரிச்ச வீடுங்க கவனமா இருங்க, எங்கம்மா பேரு தம்பி கார்டுல இருக்கு, அதனால அவன் குடும்பத்து காப்பீட்டுல தான் வந்துச்சு, என் கார்ட தூக்கிக்கினு போனா ஒண்ணும் நடக்காது. கவர்மென்ட் ஊழியருக்கும் பென்ஷன்காரங்களுக்கும் இருக்கிறது வேற திட்டம், அத இதோட போட்டு கொழப்பிக்காதீங்க. கார்டுல வர்ற சிகிச்சைக்கு தனியா காசு கேட்டாங்கன்னா 1800 425 3993, டோல் ஃப்ரீ, எந்த ஆஸ்பத்திரில எந்த வைத்தியம் வரும்னும் அங்கயே கேக்கலாம்.

இடது முட்டிய கொஞ்ச நாள் விட்டு பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்லி இருக்காரு. 5 லட்சம் வருஷா வருஷம் புதுசா வரும்னு கவுண்டர் பொண்ணு சொன்னதுல இருந்து எங்கம்மா அதுக்கும் தேதி கேட்டுக்கினு இருக்காங்க.