இடுப்பு பெல்ட்: யாருக்கு உதவும், யாருக்கு வீண்?

முதுகுவலிக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதும் பலர் முதலில் வாங்குவது இடுப்பு பெல்ட்டைத்தான். காரைக்குடி, தேவகோட்டை மருந்துக்கடைகளில் எலாஸ்டிக் பெல்ட் பெரும்பாலும் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பாரம் தூக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டினால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. காலையில் கட்டி இரவில் அவிழ்ப்பதென்றால் வாங்கவே வேண்டாம்.

அகலமான எலாஸ்டிக் பட்டை, முதுகுப் பக்கம் உறைக்குள் செருகிய நான்கு தகடுகள், முன்னால் வெல்க்ரோ, பக்கவாட்டில் இழுத்து இறுக்க இரண்டு வார்கள். அவ்வளவுதான் பொருள். இது முதுகெலும்பின் பாரத்தைச் சுமப்பதில்லை. வயிற்றை லேசாக அழுத்திப் பிடிக்கிறது. குனியப் போனால் தகடு உறுத்தித் தடுக்கிறது. அதனால் கடையிலேயே தகட்டைச் சோதியுங்கள். விரலால் அழுத்தினால் துவளும் தகடு பயன்படாது.

பேன்ட் சைஸைச் சொல்லி வாங்குவதுதான் பெரிய தவறு. தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். தொப்பை இருப்பவர்களுக்கு பேன்ட் சைஸும் இந்த அளவும் ஒன்றாக இருக்காது. கம்பெனிக்குக் கம்பெனி மீடியம், லார்ஜ் மாறும். பெட்டியில் அச்சிட்ட அங்குல அளவைப் பார்த்து எடுங்கள். கட்டும்போது நிமிர்ந்து நின்று, வயிற்றைச் சற்று உள்ளிழுத்து, முதலில் முன் வெல்க்ரோவை ஒட்டி, பிறகு பக்க வார்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேல் பதிந்திருக்க வேண்டும். விலாவரை ஏறிவிட்டால் மூச்சு முட்டும், வலிக்கும் இடம் வெளியே நிற்கும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். இடுப்போரமாகத் தொடைக்கு இறங்கும் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் அடுக்கி வண்டியில் ஏற்றுபவர், கல்யாண வீட்டில் அண்டா இறக்கும் சமையல்காரர் போன்றவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரம் பெல்ட் நல்ல துணை. கொட்டான் (பனையோலைக் கூடை) முடைபவர்களுக்கு உதவாது. சம்மணமிட்டு உட்கார்ந்ததும் தொடை மடிந்து பெல்ட்டை மேலே தள்ளும். தகட்டின் நுனி விலாவில் குத்தும். சாப்பிட்ட கையோடு கட்டினால் நெஞ்செரிச்சல் வரும். நம் ஊர் வெயிலில் வெறும் உடம்பில் கட்டினால் வியர்க்குரு நிச்சயம். பருத்தி பனியனுக்கு மேல் கட்டுங்கள். குடலிறக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடையில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நெடுநாள் கீழ்முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் அப்படியே ஒதுக்குகிறது. முறையான உடற்பயிற்சியை ஏற்கிறது. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வும் இதையொட்டியதே. முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரில், படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப நடுமதிப்பாக 208 நாட்கள் ஆயின. சிகிச்சை எதுவும் தரப்படாதவர்களுக்கு 112 நாட்கள். பெல்ட் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நடையோடு சேர்த்து ஒரு பயிற்சி போதும், தொடங்குவதற்கு. கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் முதுகுக்கு நேராக நீட்டி 10 விநாடி நிறுத்துங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்கு ஆறு தடவை, சிறு ஓய்வு, அடுத்து நான்கு, கடைசியாக இரண்டு. இடுப்பு ஒருபக்கம் சரிந்தால் காலை அதிகம் தூக்குகிறீர்கள். வழவழப்பான ஆத்தங்குடித் தரையில் கோரைப்பாய் வழுக்கும். ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

துவைக்கும்போது தகடுகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். வெல்க்ரோவில் சிக்கிய நூலைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுக்கலாம். வளைந்த தகடாக இருந்தால் எந்தப் பக்கம் முதுகைத் தொட்டது என்று உருவும்போதே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிச் செருகினால் முதுகின் வளைவுக்கு எதிராக அழுத்தி வலியைக் கூட்டும்.