ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா: மாலத்தீவு கண்ட இரண்டு சுற்றுலா வழிகள்

மாலத்தீவுக்குச் சுற்றுலா ஒத்துவராது என்று 1960-களில் வந்த ஐ.நா. குழு சொல்லிவிட்டுப் போனது. 1972-ல், தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் ஆள் குடியில்லாத ஒரு தென்னந்தோப்புத் தீவில் 30 அறைகளோடு குரும்பா ரிசார்ட் திறந்தது. 1981-ல் மாலேவை ஒட்டிய ஹுல்ஹுலே தீவில் பன்னாட்டு விமான நிலையம் திறந்ததும் 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற ஏற்பாடு வேரூன்றிவிட்டது. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவதை 1980-களில் அரசு தடுத்திருந்தது. 2009-10 வாக்கில் சட்டம் தளர்ந்த பிறகுதான் மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ்கள் முளைத்தன. இன்று இரண்டு வழிகளும் ஒரே நாட்டில் அருகருகே நடப்பதால், எதிரும் புதிருமாக வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தனிமை, மது, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை எல்லாம் ரிசார்ட்டில்தான். விலை மலிவு ஊர்த் தீவில். பயணிக்கு இது போதும். ஆனால் ஒரு நாடு எந்த வழியை வளர்க்க வேண்டும் என்று கேட்டால் என் சாய்வு ஊர்த் தீவின் பக்கம். அதற்கு முக்கியக் காரணம் தண்ணீர், மின்சாரம், கழிவு. இந்த மூன்றையும் யார் கட்டுகிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், கடைசியில் அவை யாருக்கு மிஞ்சுகின்றன என்பதில்தான் முடிவே இருக்கிறது.

ரிசார்ட் தீவில் எல்லாமே தனி: ஜெனரேட்டர், அது பழுதானால் ஓட்ட இன்னொன்று, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலை, சாக்கடைச் சுத்திகரிப்பு, குப்பை எரிக்கும் உலை, ஊழியர் குடியிருப்பு. ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போகும். அதற்கான டீசல் படகில் வர வேண்டும். நூறு அறைக்காக ஒரு சிற்றூருக்கான கட்டமைப்பையே போட வேண்டியிருப்பதால், பெரிய முதல் உள்ளவர்தான் இறங்க முடியும். லாபத்தில் பெரும்பங்கு அந்த முதலோடு வெளியே போய்விடுகிறது. அரசுக்குக் கிடைப்பது குத்தகையும் வரியும்தான். சுற்றுலாப் பொருள் சேவை வரி 2011-ல் தொடங்கி, 2023-ல் 16 சதவீதமாகவும் 2025 ஜூலையில் 17 சதவீதமாகவும் ஏறியது. சிறிய தொகை இல்லைதான், ஆனால் ரிசார்ட் குழாயிலிருந்து பக்கத்து ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

ஊர்த் தீவில் பயணிக்காகப் பெரிதாக்கிய மின்நிலையமும் குழாயும் ஊர்க்காரருக்கும் உழைக்கின்றன. பயணிகள் வரத்து குறைந்த மாதங்களிலும் அவை வீணாகக் கிடப்பதில்லை.

இந்த வழி கெட்டுப்போவதும் இங்கேதான். பவளத் தீவின் மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். செப்டிக் டேங்க் கசிந்தால் கிணறு கெடும். மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. அறைகளை முதலில் கட்டிவிட்டுச் சாக்கடையைப் பிறகு யோசிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சரியான வரிசை இது: முதலில் ஊர் முழுக்கச் சாக்கடைக் குழாய், அடுத்து சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ. ஆலை, அதற்குப் பின்தான் அறை உரிமம். சுத்திகரித்த நீரையும் ஆர்.ஓ. ஒதுக்கும் கெட்டி உப்புநீரையும் தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைத்திட்டின் வெளி விளிம்பைத் தாண்டி, நீரோட்டம் உள்ள ஆழத்தில் விட வேண்டும். செலவு மிச்சமென்று குழாயை உள்ளே அமைதியான ஆழமற்ற நீரில் முடித்தால், சாக்கடைச் சத்தில் பாசி தழைத்துப் பவளத்தை மூடிவிடும். பயணி பார்க்க வந்ததே அந்தப் பவளத்தைத்தான்.

குப்பையும் அப்படியே. மாலே பகுதியின் குப்பை 1990-களிலிருந்து திலஃபுஷி என்ற குப்பைத் தீவுக்குப் போய்க் குவிந்தது எல்லாருக்கும் தெரியும். தொலைவிலுள்ள தீவிலிருந்து குப்பைப் படகு தாமதமானால் அது கடற்கரையிலேயே எரியும். சமையல் கழிவைப் பிரித்து ஊரிலேயே உரமாக்கினால் படகில் ஏற்ற வேண்டிய எடை வெகுவாகக் குறையும். இதற்கெல்லாம் பணம் இருக்கிறது. 2015-ல் ரிசார்ட் விருந்தினருக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் என்று வந்த பசுமை வரி, 2016-ல் கெஸ்ட்ஹவுஸ்களுக்கு 3 டாலராக விரிந்தது. 2025-ல் ரிசார்ட்டுக்கு 12, ஊர்த் தீவில் 50 அறைக்கு உட்பட்ட கெஸ்ட்ஹவுஸுக்கு 6 என இரட்டிப்பானது. எந்தத் தீவில் எத்தனை இரவு தங்கினார்களோ அந்தக் கணக்கிலேயே அதில் ஒரு பங்கு அந்தத் தீவின் கவுன்சிலுக்குத் திரும்ப வேண்டும். பராமரிப்புக்கு மாதாமாதம் கையில் பணம் இல்லாத கவுன்சிலால் பம்பு பழுதானால் உதிரிபாகம்கூட வாங்க முடியாது.

மணல் விஷயத்தில் ரிசார்ட்டுக்கே மதிப்பெண். பருவக்காற்று மாற மாற மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். ரிசார்ட் தூண்மேல் நிற்கும் படகுத்துறையோடு நிறுத்திக்கொள்ளலாம்; நீரும் மணலும் அடியில் ஓடும். ஊருக்கு மீன்பிடிப் படகு நிற்கத் தோண்டிய துறைமுகமும் அலைத்தடுப்புச் சுவரும் தேவை. அந்தச் சுவர் மணலை மறிக்க, அடுத்த பக்கம் கரை அரிக்கும்.

வேலை என்று வந்தால் மறுபடி ஊர்த் தீவு. ரிசார்ட் வேலைக்கு மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வேறு தீவில் தங்க வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் அங்கே குறைவாக இருப்பதற்கு அது பெரிய காரணம். தெருவிலேயே கெஸ்ட்ஹவுஸ் இருந்தால் வேலை முடிந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

நெருக்கடி வந்தால் ரிசார்ட் முந்தும், அதை மறைக்க முடியாது. கொரோனாவின்போது 2020 ஜூலை 15-ல் ரிசார்ட்டுகள் திறந்தன. கெஸ்ட்ஹவுஸ்கள் அக்டோபர் வரை காத்திருந்தன. சில நூறு பேர் மட்டுமே வாழும் தீவுகளுக்கும் ஊர்த் தீவு வழி சரி என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். அவ்வளவு சிறிய ஊரில் சுத்திகரிப்பு ஆலையை ஓட்டும் செலவுக்கே அறைகள் போதாமல் போகலாம். நடுத்தர, பெரிய தீவுகளுக்கு எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே உரிமம் கொடுக்கும்போது கடற்கரை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், சாக்கடை ஆலை ஒரு நாளில் எத்தனை பேரின் கழிவைத் தாங்கும் என்று கணக்கிட்டு, ஊர்க்காரர் எண்ணிக்கையைக் கழித்து, மிஞ்சும் அளவுக்கு மட்டும் படுக்கைகளை அனுமதிக்க வேண்டும்.